பர்மாக் கடலின் மேற்கு எல்லை

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்கு மேற்கே எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளி இருந்தது. நான் அங்கே தையல் டீச்சர். விசாலாட்சி என்று யாரும் முழுதாகச் சொன்னதில்லை. எல்லோருக்கும் சாலா டீச்சர்தான். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வருவார், மூன்று மாதம் இருப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எனக்குத் துணை பள்ளிக்கூடமும் புஷ்பவள்ளியும்தான்.

புஷ்பவள்ளி பூகோள டீச்சர். கல்லலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவாள், சாயங்கால ரயிலில் திரும்புவாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் கோட்டைச்சாமி கல்லலில் விவசாயம் பார்த்துக்கொண்டே தங்கைக்கு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பாதிப் பேரை அவளே விரட்டிவிட்டாள். ஒருவர் பேச்சுவாக்கில், கன்னியாகுமரியில் மூன்று சமுத்திரம் சேருகிறது என்று சொன்னாராம். "எந்த மூணு? எது எங்க முடிஞ்சு எது எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷர் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

பெயர் விஷயத்தில் அவள் அப்படித்தான். "எங்க வீட்டுக்காரரு கடல் தாண்டி இருக்காரு" என்று நான் யாரிடமாவது சொன்னால், "எந்தக் கடலுன்னு கேட்டாச் சொல்லத் தெரியணும்க்கா" என்பாள். எனக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தான்.

1967 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார். அக்டோபரில் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வருகிறார், அதற்குள் பிரார்த்தனைக் கூடத்துச் சுவரில் ஆசியாவின் படத்தைப் பதினைந்தடி அகலத்துக்கு வரைந்துவிட வேண்டும். பெயர்களெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். பொறுப்பு புஷ்பவள்ளிக்கு. வரைய வந்தவர் மலையாண்டி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை. போர்டு எழுதுவதுதான் தொழில். முப்பத்தைந்து வயதிருக்கும். பர்மாவிலிருந்து எல்லோரையும் திருப்பி அனுப்பியபோது வந்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் மோல்மீன். அங்கே பர்மா எழுத்தில் போர்டு எழுதிப் பழகிய கை என்பதால், தமிழ் எழுதினாலும் எல்லா எழுத்தும் ஒரு சுற்று உருண்டையாகவே விழும். 'ட' கூட முனை மழுங்கித்தான் நிற்கும். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த வருஷம் காரைக்குடியில் பாதிக் கடைகளின் பெயர் உருண்டையாக இருந்தது.

கல்யாணமாகாத டீச்சரும் ஒரு ஆம்பிளையும் கூடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியை என்னை அங்கேயே உட்கார்ந்து தைக்கச் சொல்லிவிட்டார். அதனால்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

மலையாண்டி முதலில் சுவர் முழுக்கக் கரிக்கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். அட்லஸிலும் பென்சிலால் அதே மாதிரி கட்டம். புஷ்பவள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துச் சொல்ல, அவர் ஏணியில் நின்று வரைவார்.

"கொஞ்சம் அங்குட்டு. இன்னும். சிலோனைத் தள்ளிக் கொண்டுபோயிட்டீக பெயிண்டரே, நமக்கும் அதுக்கும் அவ்வளவு தூரம் இல்ல."

"தள்ளலை டீச்சர், ஏணி தள்ளிருச்சு."

இப்படியே ஆறு வாரம். அவள் திருத்துவாள், அவர் அழித்து வரைவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பாரசீக வளைகுடாவின் வளைவை அவள் மூன்று தடவை மாற்றச் சொன்னாள். மாற்றினார். அவள் சாயங்கால ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலுக்குப் போகத் தொடங்கியதை நான் அப்போதே கவனித்தேன். கேட்டால் படத்தில் வேலை இருக்கிறது என்பாள்.

ஜூலை கடைசியில் நிலமெல்லாம் முடிந்து கடல்களுக்கு நீலம் அடித்தாயிற்று. பெயர் எழுத வேண்டும். அரபிக் கடல், வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, பாக் ஜலசந்தி எல்லாம் அவள் சொல்லச் சொல்லச் சாக்பீஸில் எழுதிவந்தார். அந்தமான் தீவுகளுக்கும் பர்மாவுக்கும் நடுவே இருக்கும் இடத்துக்கு வந்ததும், அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவர் எழுதிவிட்டார்: பர்மாக் கடல்.

புஷ்பவள்ளி அட்லஸைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "அப்படி ஒரு கடலு இல்ல. அது அந்தமான் கடல். அழிச்சிருங்க."

"இருக்கு டீச்சர்."

"எந்த அட்லஸுல இருக்கு?"

"அட்லஸுல தெரியாது. ஆனா இருக்கு."

"பெயிண்டரே, இது பிள்ளைக படிக்கிற இடம். நமக்குத் தோணுன பேரெல்லாம் எழுத முடியாது. அழிங்க."

மலையாண்டி ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வேற எதை வேணும்னாலும் அழிக்கச் சொல்லுங்க, அழிக்கிறேன். இதை என்னால அழிக்க முடியாது. நீங்களே அழிச்சுக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாக்பீஸ் எழுத்துதான். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். புஷ்பவள்ளி துணியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கொஞ்ச நேரம் நின்றாள். அழிக்காமலே இறங்கிவிட்டாள்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனாள். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, பெஞ்சில் இருந்த டப்பாக்களை ஒதுக்கி இடம் பண்ணினார்.

"நான் கோபமாப் பேசிருந்தா மன்னிச்சுக்கிருங்க" என்றாள் புஷ்பவள்ளி. "அந்தப் பேரை யாரு சொன்னது உங்களுக்கு?"

அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் டைப் அடித்த சீட்டு. சோணையம்மாள், வயது ஐம்பத்தொன்பது, கப்பலில் மரணம். இறந்த இடம் என்பதற்கு எதிரே 'கடலில்' என்று மட்டும் இருந்தது.

"எங்க ஆத்தா" என்றார். "அறுபத்தஞ்சுல ரங்கூன்ல கப்பல் ஏறினோம். கப்பல் கிளம்புன அன்னைக்கே மூச்சுத் திணறல் வந்து போயிட்டாக. மெட்ராஸுக்கு இன்னும் மூணு நாளு இருக்கு, வச்சிருக்க முடியாதுன்னுட்டாக. மறுநா விடிஞ்சதும் கித்தானுல சுத்தி, இரும்பைக் கட்டி, இறக்கிட்டாக. எங்கே இறக்குறீகன்னு அந்தக் கப்பல் ஆபீசரைக் கேட்டேன். பர்மாக் கடலுன்னாரு. சீட்டுல எழுதுங்கய்யான்னேன். எழுதல."

புஷ்பவள்ளி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி அமாவாசைக்குத் தொண்டிக்குப் போயி எள்ளும் தண்ணியும் இறைக்கிறேன். போன வருசம் ஐயரு, எந்த இடத்துலப்பா போனாகன்னு கேட்டாரு. பர்மாக் கடலுன்னேன். அப்படி ஒரு கடலே கிடையாதுன்னு பக்கத்துல நின்ன பள்ளிக்கூட வாத்தியாரு ஒருத்தரு சிரிச்சாரு. நீங்களும் இல்லைன்னீக. இல்லாத கடல்ல எங்க ஆத்தாளைப் போட்டுட்டு வந்திருக்கேனா டீச்சர்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பவள்ளி கலங்கவில்லை. காகிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தாள். "எனக்கு ரெண்டு மாசம் டயம் குடுங்க. அது எந்தக் கடலு, பேரு என்ன, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். நீங்க வந்து மிச்சத்தை எழுதுங்க. அந்த இடத்தை மட்டும் விட்ருவோம்."

அவர் வந்தார். அந்த இடத்தில் மட்டும் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது. புஷ்பவள்ளி கடிதம் எழுதத் தொடங்கினாள். சென்னையில் கல்லூரிப் பேராசிரியர்கள் இரண்டு பேருக்கு எழுதினாள். ஒருவர் அந்தமான் கடல் என்று ஒரு வரி எழுதினார், இன்னொருவர் எழுதவே இல்லை. கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மயிலாப்பூரில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, அவருக்கும் எழுதினாள். காலையில் ரயில் இறங்கி வந்ததும் முதல் வேலை, ஆபீசில் தபால் இருக்கிறதா என்று பார்ப்பது. என் வீட்டுக்காரர் கடிதத்துக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஆடி அமாவாசை வந்தது. மலையாண்டி தொண்டிக்குக் கிளம்புகிறேன் என்றபோது, "அங்க இருக்கிறது பாக் ஜலசந்தி, ஞாபகம் வச்சுக்கிருங்க" என்றாள். பிறகு அவளுக்கே என்னவோ போலாகி, "தண்ணி ஒண்ணோட ஒண்ணு கலந்ததுதான். நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள். புஷ்பவள்ளி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மயிலாப்பூரிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அந்தப் பெரியவர் நான்கு தாள் எழுதியிருந்தார். உலகத்துக் கடல்களுக்கெல்லாம் எல்லை வகுத்து 1953இல் வெளியான புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை நகலெடுத்து அனுப்பியிருந்தார். அதில் தலைப்பே 'அந்தமான் அல்லது பர்மாக் கடல்' என்றிருந்தது.

"ரெண்டும் சரிதான்க்கா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அவரு சொன்னது இருக்கு! அட்லஸுக்காரன்தான் ஒரு பேரை விட்டுட்டான்!"

ஆனால் கடிதத்தை முழுதும் படித்ததும் அவள் சத்தம் அடங்கிவிட்டது. எல்லை என்ற இடத்தில் நின்றுவிட்டாள். பர்மாவின் தென்மேற்கு மூலையில் நெக்ரேஸ் முனை என்று ஒன்று. அங்கிருந்து தெற்கே அந்தமான் தீவுகள் வழியாக ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே வங்காள விரிகுடா, கிழக்கே பர்மாக் கடல். என் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலும் இரண்டு குண்டூசியும் வாங்கி அட்லஸில் அந்தக் கோட்டைப் போட்டாள்.

அன்று சாயங்காலம் மலையாண்டியிடம் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டாள்.

"ரங்கூன்ல எத்தனை மணிக்குக் கப்பலை எடுத்தாக?"

"மதியச் சாப்பாடு முடிஞ்சு. ரங்கூன் ஆத்தைத் தாண்டிக் கடலுக்கு வர வெயில் தாழ்ந்திருச்சு."

"ஆத்தாளை இறக்குனப்ப சூரியன் எங்குட்டு இருந்துச்சு?"

"கப்பலுக்குப் பின்னாடி. அப்பத்தான் எழும்புது."

"வழியில தீவு ஏதாச்சும் பாத்தீகளா?"

"பாத்தேன். இடது கைப்பக்கம். ஒரு லைட் ஹவுஸு கூட இருந்துச்சு. கப்பல்ல எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிப் பாத்தாக."

"அது ஆத்தாளை இறக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கையில."

அவர் போன பிறகு புஷ்பவள்ளி அட்லஸை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தத் தீவெல்லாம் கோட்டுலதான்க்கா இருக்கு. தீவு வர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டாக. கோட்டைத் தாண்டவே இல்ல. அந்தம்மா திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து ஆளுன்னு அவரு சொல்லிருக்காரு. பதினாறு வயசுல போனவுக, சொந்த ஊரைப் பாக்கணும்னு எவ்வளவு ஆசையா வந்தாகளோ! நம்ம கடலுக்குள்ளகூட வந்து சேரலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப வங்காள விரிகுடான்னே சொல்லிரு. அவருக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கடலோட எல்லையை என்னால நகர்த்த முடியாதுக்கா. அவருகிட்டப் பொய் சொல்லவும் முடியாது."

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் சொல்லிவிட்டாள். கூடத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. கடிதத்தை எடுத்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினாள். அட்லஸை விரித்து சிவப்பு நூலைக் காட்டினாள். "நீங்க சொன்ன பேரு சரி. நான் சொன்னதுதான் பாதி. ஆத்தா இருக்கிறது இந்தக் கோட்டுக்குக் கிழக்கே, பர்மாக் கடல்ல. வங்காள விரிகுடாவுக்கு வரலை. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு."

மலையாண்டி நூலின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து கிழக்கே மெதுவாக நகர்த்தி, பர்மாவின் கரைக்குக் கொண்டுபோய், மோல்மீனில் நிறுத்தினார்.

"இங்க ஒரு ஆறு வந்து விழுகுமே டீச்சர். அது எந்தக் கடல்ல சேருது?"

"சால்வீன். மார்த்தபான் வளைகுடாவுல விழுது. அந்த வளைகுடா…" அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "அதுவும் பர்மாக் கடலோட சேந்ததுதான்."

அவர் அப்படியே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. புஷ்பவள்ளி பயந்து என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அப்பா சாம்பலை அந்த ஆத்துலதான் கரைச்சேன்" என்றார். "அங்க செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில சமையல்காரரா இருந்தாரு. அம்பத்தெட்டுல போயிட்டாரு. ஊருக்குப் போவோம்னு நான் கூப்பிட்டப்ப ஆத்தா வரமாட்டேன்னுட்டாக. உங்க அப்பாவை விட்டுட்டு எங்குட்டுடா வர்றதுன்னு வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. நான்தான் கையை எடுத்துவிட்டு வண்டியில ஏத்தினேன். அவுக ஊரைப் பாக்க ஆசைப்படலை டீச்சர். நான்தான் ஆசைப்பட்டேன். இழுத்துக்கிட்டு வந்து, யாருமில்லாத தண்ணியில விட்டுட்டோம்னு ரெண்டு வருசமாத் தூங்குறதில்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு புஷ்பவள்ளியைப் பார்த்தார். "ஒரே கடலுதானே? உறுதியாத் தெரியுமா?"

"உறுதியாத் தெரியும்" என்றாள். இப்போதுதான் அவளுக்கும் கண் நிறைந்தது.

அதன் பிறகு தண்ணீர் குடித்தார். ஏணியில் ஏறி, வெள்ளைப் பெயிண்டில் தூரிகையைத் தோய்த்தார். அந்தமான் கடல் என்று மேலே, அதற்குக் கீழே அடைப்புக்குள் பர்மாக் கடல் என்று எழுதலாமா என்று அவராகவே கேட்டார். புஷ்பவள்ளி வேண்டாம் என்றாள். இரண்டு பெயரும் ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். அப்படியே எழுதினார். மோல்மீனையும் குறிக்கச் சொன்னாள். அட்லஸில் அது ஒரு சின்னப் புள்ளி. சுவரில் மட்டும் ரங்கூன் அளவுக்கு விழுந்தது. அதை அவள் திருத்தச் சொல்லவில்லை.

அக்டோபரில் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வந்தார். படத்துக்கு முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "பர்மாக் கடலா? கேள்விப்பட்டதில்லையே" என்றார். தலைமையாசிரியைக்கு வியர்த்துவிட்டது. புஷ்பவள்ளி மயிலாப்பூர்க் கடிதத்தை நீட்டினாள். அந்த அம்மா நின்றபடியே நான்கு தாளையும் படித்துவிட்டு, தன் டைரியில் குறித்துக்கொண்டார். எழுத்து யார் எழுதியது, அழகாக இருக்கிறதே என்று கேட்டார். அதற்கு புஷ்பவள்ளி பதில் சொன்ன விதத்தில் தலைமையாசிரியையே அவளைத் திரும்பிப் பார்த்தார்.

படம் முடிந்துவிட்டது, மலையாண்டி பள்ளிக்கூடத்துக்கு வரக் காரணமில்லை. ஆனால் வகுப்புகளுக்கு எண் எழுத வேண்டும் என்று புஷ்பவள்ளி கண்டுபிடித்தாள். பிறகு கரும்பலகைகளுக்குக் கருப்படிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு, அடித்த கருப்பு போதவில்லை என்றாள். கார்த்திகை மாதம் வந்ததும் இது இப்படியே போனால் பள்ளிக்கூடத்தில் பெயிண்ட் அடிக்காத தூண் மிஞ்சாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நேரே அவர் கடைக்குப் போனேன்.

"என்ன பெயிண்டரே, மனசுல இருக்கிறதை அவகிட்டச் சொல்லப்போறீகளா, இல்ல எங்க பள்ளிக்கூடத்தையே தினம் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்கப்போறீகளா?"

அவர் தூரிகையைப் போட்டுவிட்டார். "எனக்குக் காடு கரை இல்ல ஆச்சி. சொந்தபந்தம் இல்ல. அவுக அண்ணன் என்னைய எதைப் பாத்து நம்புவாரு?"

"அதை அவரு முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து, கோட்டைச்சாமிக்கு ஒரு கார்டு போட்டேன்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். மீசை வைத்த பெரிய ஆள். மலையாண்டியை எதிரே உட்கார வைத்து, "பர்மாவுல குடும்பம் ஏதும் உண்டா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

"இல்ல. ஒரு இடத்துல பேசுனாக. அமையலை."

"குடி?"

"கிடையாது."

"எந் தங்கச்சி ரொம்பக் கேள்வி கேப்பா. அது தெரியுமா?"

"தெரியும்ங்க."

"தப்பாப் பதில் சொன்னா விடமாட்டா."

"விட வேணாம்ங்க" என்றார் மலையாண்டி.

கோட்டைச்சாமி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, நான் வைத்த காபியை எடுத்துக் குடித்தார். "தையில எனக்கு அறுப்பு இருக்கு. மாசியில வச்சுக்கிருவோம்" என்றார்.

அடுப்படியிலிருந்து புஷ்பவள்ளியின் குரல் கேட்டது. "மாசியில முடியாதுண்ணே. பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும், பங்குனியில பேப்பர் திருத்தணும்."

"அப்ப எப்பத்தான் தாயி உனக்குத் தோது?"

வைகாசியில் நடந்தது. என் வீட்டுக்காரர் அந்த முறை லீவை முன்னதாகவே வாங்கிக்கொண்டு பினாங்கிலிருந்து வந்திருந்தார். முதல் பந்தியில் அவரும் கோட்டைச்சாமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டாம் பந்திக்குத்தான் வருவோம் என்று, வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.